இடது காலை இரண்டால் பெருக்கினால்

214, 188. இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஐந்து மாதம் என் தலைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒரே மலை, ஒரே காலை, சைக்கிள் மிதித்த ஆளும் ஒரே ஆள்தான். முதல் எண் நான் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் கணக்குப் போட்டு எடுத்தது. இரண்டாவது, 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய, கால் எத்தனை வாட் மிதிக்கிறது என்று அளக்கும் பவர் மீட்டர் காட்டியது. நடுவில் 26 வாட் காணாமல் போயிருந்தது. வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, "ஒரு ஃபேன் கம்மியா ஓடுதுன்னு வெச்சுக்கோங்க" என்றாள் மனைவி. அது சரியான ஒப்பீடுதான். இப்போது வரும், மின்சாரம் மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற ஏறக்குறைய அவ்வளவு மின்சாரம்தான் தேவை. ஆனால் 200 வாட்டைத் தொட்டுவிட மாட்டோமா என்று இரண்டு வருடமாக விடிகாலை 4 மணிக்கு எழுந்துகொண்டிருக்கும் ஒருவனிடம் ஒரு ஃபேனைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இரு என்று சொன்னால் எப்படி?

பவர் மீட்டர் வாங்கும் ஆசையே ஒரு அவமானத்தில்தான் தொடங்கியது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, பன்னிரண்டு பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈ.சி.ஆரில், மாமல்லபுரம் போனோம். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. நான் கூட்டத்தின் வால் பகுதியில், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு சொகுசாகப் போனேன். சராசரி 35 கி.மீ. வேகம். திரும்பும்போது மற்றவர்கள் இட்லிக் கடையில் உட்கார்ந்துவிட, எனக்கு வீட்டில் வேலை இருந்ததால் தனியாகக் கிளம்பினேன். அதே காற்று இப்போது நெஞ்சில் மோதியது. உயிரைக் கொடுத்து மிதித்தும் 27-ஐத் தாண்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, வேகத்தை வைத்து வாட்டை ஊகிக்கும் செயலியைத் திறந்தால், போகும்போது நான் 239 வாட் மிதித்தேனாம். வரும்போது 123. அதாவது ஊர்வலத்தில் போனபோது வீரன், நாக்குத் தள்ளி வந்தபோது சோம்பேறி. அன்று எங்களை முன்னால் நின்று இழுத்துப் போன அண்ணனிடம் பவர் மீட்டர் இருந்தது. அவருடையது போகும் வழியில் 150-ஐச் சுற்றித்தான் இருந்ததாம். "நீ பின்னாடி உக்காந்து எப்படிப்பா 239 போட்டே?" என்று குழுவில் கேட்டுவிட்டார். பதினோரு சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

காற்றைக் கேட்காத கணக்கு

செயலியைத் திட்டிக்கொண்டே கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம்தான் அது என்ன செய்கிறது என்று பார்த்தேன். சமதரையில் சைக்கிளை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டுதான்: டயர் உருள்வதில் வரும் தடை, காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். அதைக் கடக்கத் தேவையான வாட் இன்னும் வேகமாக ஏறும். எனக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து 84 கிலோ, கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து உட்காரும் என் வாட்டத்துக்கு ஒரு தோராயமான முகப்புப் பரப்பு, இரண்டையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். காற்றே இல்லாத நாளில் 32 கி.மீ. வேகத்தில் போக 189 வாட் வேண்டும். எதிரே வெறும் 10 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் அதே 32-க்கு ஏறக்குறைய 300 வாட். அதே காற்று முதுகில் என்றால் 110 போதும். 10 கி.மீ. காற்று என்பது புயல் இல்லை, கொடியில் காயும் துண்டைக் கொஞ்சம் ஆட்டும் காற்று. அது 300-ஐ 110 ஆக்கிவிடுகிறது என்றால், காற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காத கணக்குக்கு ஈ.சி.ஆரில் என்ன மரியாதை? முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், நீ அவர் நிழலில் போகிறாய் என்பதும் அதற்குத் தெரியாது.

ஆனால் சூத்திரத்தின் மேல் பழி போட முடியவில்லை. ஜேம்ஸ் மார்ட்டின் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காற்று, உருள்தடை, சரிவு, பேரிங் உராய்வு என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சமன்பாடு. அதில் வந்த விடையைச் சைக்கிளில் மாட்டிய எஸ்.ஆர்.எம். என்ற பவர் மீட்டரோடு ஒப்பிட்டார்கள். பிழை 2.7 வாட்தான். அவர்கள் காற்றின் வேகத்தையும் திசையையும் அங்கேயே அளந்தார்கள், ஆளும் சைக்கிளும் வாங்கும் காற்றுத் தடையைக் காற்றுச் சுரங்கத்தில் எடுத்தார்கள். சமன்பாடு சரியாகத்தான் இருக்கிறது, அதற்குள் போடச் சரக்கு என்னிடம் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குள் டல்லாஸிலிருந்து அத்தை மகன் ஊருக்கு வரும் சேதி வந்தது. அவன் சூட்கேஸில் சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவே பவர் மீட்டர் ஒட்டிய ஒரு இடதுபக்க கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, வந்து இறங்கியது.

இடதுபக்க கிராங்க் என்பது ஏழைகளின் பவர் மீட்டர். ஏழை என்பது சைக்கிள்காரர்களின் பொருளில். 1986-ல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் கருவி, கிராங்க் கையும் பல்சக்கரமும் சேரும் நடுப்பகுதியில், உலோகம் விசையில் துளி வளைவதை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டியது. இரண்டு கால்களின் விசையும் அந்த இடத்தைக் கடந்துதான் செயினுக்குப் போக வேண்டும் என்பதால் மொத்தமும் அதில் பதிவாகிவிடும். கிரெக் லெமாண்ட் போன்ற சில தொழில்முறை வீரர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் கட்டுப்படியானது. பின்னால் பின்சக்கர ஹப்புக்குள் அளக்கும் பவர்டேப் வந்தது, பெடலுக்குள் அளப்பவை வந்தன. இடது கிராங்கில் மட்டும் கேஜை ஒட்டி, வந்த எண்ணை இரண்டால் பெருக்கிக் காட்டும் யோசனைதான் விலையைச் சட்டென்று கீழே இறக்கியது. எனக்கு அந்தப் பெருக்கல் தெரியும். எல்லாருக்கும் தெரியும். இரண்டு காலும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மலை ஒரு தராசு

ஏப்ரலில் ஏலகிரி போனோம். சனிக்கிழமை இரவு காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய் ஜோலார்பேட்டையில் தங்கல். விடிந்ததும் பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏற்றம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பலகைகளில் புலவர்களும் வள்ளல்களும் வரிசையாக நிற்பார்கள், மூச்சு வாங்கும்போது வள்ளல் யாரும் ஒரு வாட்கூடக் கொடுப்பதில்லை. அந்த ஏற்றத்தில் நான் 5 கி.மீ. துண்டு ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறேன். அதற்குள் 325 மீட்டர் உயரம் ஏற வேண்டும், சராசரிச் சரிவு 6.5 சதவீதம். அன்று எனக்கு 24 நிமிடம் 22 விநாடி ஆனது. இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். சராசரி 188 வாட்.

என்னமோ இடித்தது. எனக்கு முன்னால் ஒரு நிமிடம் வித்தியாசத்தில் ஏறிய நண்பர் என்னைவிட நான்கு கிலோ எடை குறைவு, அவருடைய மீட்டர் 213 காட்டியது. அந்த ஒரு நிமிடம் கொடுக்கும் வாட்டை என் கூடுதல் நான்கு கிலோ திருப்பி வாங்கிவிடும். என் எண்ணும் 210-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று இரவு வீட்டுக்கு வந்து குளிக்காமலேயே நோட்டை எடுத்தேன்.

சமதரையில் பயனில்லாத கணக்கு மலையில் கூர்மையாகிவிடுகிறது, இதைத்தான் நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். 84 கிலோவை 325 மீட்டர் தூக்க 2,67,800 ஜூல் ஆகும். இதில் ஊகம் எதுவும் இல்லை, எடையும் உயரமும் மட்டும்தான். அதை 1,462 விநாடியால் வகுத்தால் 183 வாட். அதாவது புவியீர்ப்புக்கு மட்டுமே 183 கட்டியாகிவிட்டது. அந்தக் கரடுமுரடான தாரில் டயர் உருள 17, காற்றுக்கு 8. மொத்தம் 208. செயினிலும் பல்சக்கரங்களிலும் மூன்று சதவீதம் போகும் என்று வைத்தால், என் கால் கொடுத்திருக்க வேண்டியது 214. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அப்படியே கொஞ்சம் அடித்தாலும் வளைவுக்கு வளைவு சாலை திரும்பிக்கொள்வதால் ஒரு பக்கம் தடுத்தது மறுபக்கம் தள்ளும். என் எடையில் ஒரு கிலோ பிசகினால் விடை இரண்டரை வாட் நகரும். என்னை, உடுப்பை, ஹெல்மெட்டை, தண்ணீர் பாட்டில்களை, பஞ்சர் பையை எல்லாம் தராசில் ஏற்றித்தான் 84 வந்தது. 26 வாட் காணாமல் போக வேண்டுமென்றால் நான் பத்து கிலோ பொய் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குவழியையும் போட்டுப் பார்த்தேன். மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினாய் என்பதை, 200-உடன் சரிவுச் சதவீதத்தைப் பத்து மடங்காக்கிச் சேர்த்த எண்ணால் வகுத்தால் கிலோவுக்கு இத்தனை வாட் என்று வரும். இது மிகேல் ஃபெராரியின் கணக்கு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் வாழ்நாள் தடை வாங்கிய அதே மருத்துவர். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது இந்த ஒரு வகுத்தல் மட்டும்தான். எனக்கு மணிக்கு 800 மீட்டர், வகுத்தால் கிலோவுக்கு 3.02, சைக்கிள் சேர்க்காத என் உடம்பு எடை 73 கிலோவுக்கு 220 வாட். இதுவும் 188-ன் பக்கம் வரவில்லை.

இருந்தாலும் நான் மீட்டரைத்தான் நம்பினேன். இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கையால் போட்ட கணக்கு இலவசம், மீட்டர் 28,000 ரூபாய். பெட்டியின் மேல் பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் என்று அச்சடித்திருந்தது, என் நோட்டின் மேல் அப்படி எதுவும் அச்சடித்திருக்கவில்லை. சரி, உயரத்தை ஜி.பி.எஸ். கருவி தப்பாகக் காட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 188-ஐ அடிப்படையாக வைத்து, எந்த நாள் எத்தனை வாட் மிதிப்பது என்று பயிற்சி மண்டலங்களைப் பிரித்து, சுவரில் ஒட்டி, நான்கு மாதம் ஓட்டினேன். விசித்திரம் என்னவென்றால், லேசான சவாரி என்று எழுதியிருந்த நாட்களில்தான் எனக்கு அதிகக் களைப்பு.

அரிசி மூட்டை

ஆகஸ்டில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கருவியைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். முறை எளிது. கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பின் பிரேக்கை இறுக்கிக் கட்டிவிட்டு, பெடல் அச்சில் எடை தெரிந்த ஒரு பொருளைத் தொங்கவிட வேண்டும். முறுக்குவிசை இவ்வளவு வர வேண்டும் என்பது நமக்கே தெரியும். மீட்டருக்கான செயலியில் முறுக்குவிசையைக் காட்டும் பக்கம் ஒன்று இருந்தது. தெருமுனை மளிகைக் கடையில் அரிசி மூட்டையை மின்தராசில் வைத்துக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சரியாக 20 கிலோ ஆக்கித் தரச் சொன்னேன். கடைக்காரர் இவ்வளவு நியாயமான வாடிக்கையாளரை அதுவரை பார்த்ததில்லை போல. என் கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர். வர வேண்டியது 33.4 நியூட்டன் மீட்டர். வந்தது 33.1.

ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. பெட்டியில் அச்சடித்தது உண்மை. கணக்கும் உண்மை, கருவியும் உண்மை, ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பால்கனியில் அரிசி மூட்டை ஊசலாடிக்கொண்டிருக்க, நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கை தன்னால் இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பழக்கம், மழைக்காலத்தில் அந்த இடம் லேசாக இழுக்கும். 27 வயதில் பைக்கிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை செய்த கால். ஆறு மாதம் தாங்கித் தாங்கி நடந்த கால். மாடிப்படி ஏறும்போது இன்றும் நான் முதலில் எடுத்து வைப்பது வலது காலைத்தான்.

கருவி இடது காலைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தது. அதுதான் அதன் வேலை. நொண்டிக்கால் கொடுத்ததை அளந்து, நல்ல காலும் இவ்வளவுதான் கொடுத்திருக்கும் என்று நினைத்து இரண்டால் பெருக்கியது. பெட்டியில் அச்சடித்த ஒன்றரை சதவீதம் அளவைக்கு உரியது. பெருக்கலுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அது என் உடம்பைப் பற்றிய ஊகம்.

செப்டம்பரில் குழுவில் ஒருவர் அலுவலக வேலையாக இரண்டு வாரம் சிங்கப்பூர் போனார். போகும்போது தன் ஃபாவெரோ அசியோமா பெடல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பெடலிலும் தனித்தனியாக அளக்கும் வகை. கிராங்கை அப்படியே விட்டுவிட்டு இந்தப் பெடல்களையும் மாட்டி, இரண்டு திரைகளில் இரண்டையும் பதிவு செய்துகொண்டு மறுபடியும் ஏலகிரி. அதே 5 கி.மீ., இந்த முறை 24 நிமிடம் 50 விநாடி. கணக்குப்படி 210 வர வேண்டும். பெடல் காட்டியது 209. இடது 92, வலது 117. கிராங்க் காட்டியது 185. டீக்கடையில் நான் சிரித்த சிரிப்பில் கூட வந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால், சரி, எல்லா எண்ணையும் ஒரு பங்கு கூட்டிப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். பயிற்சிக்கு எண் சரியாக இருப்பதைவிட ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தது வேறு. மெதுவாகப் போகும்போது என் இடது கால் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது: உண்மையில் 130 வாட், அதில் இடதின் பங்கு 41 சதவீதம், கிராங்க் காட்டுவது 107. ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது அதுவும் எழுந்து வந்து கைகொடுக்கிறது: 260 வாட், இடது 47 சதவீதம், கிராங்கில் 244. ஓரிடத்தில் 18 சதவீதம் குறைவு, இன்னோரிடத்தில் 6. லேசான நாட்களில் ஏன் களைத்தேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. 130 காட்ட வேண்டும் என்பதற்காக நான் 150-க்கு மேல் மிதித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் ஒரே அளவு பொய் சொல்கிறவனோடு குடும்பம் நடத்தலாம். ஆளுக்கு ஒரு அளவு, நேரத்துக்கு ஒரு அளவு சொல்கிறவனை என்ன செய்வது?

அப்புறம் எதை வாங்குவது

இதைப் படித்துவிட்டு இடது கிராங்க் வாங்காதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக மிதிக்கும் ஆளுக்கு அது போதும், மிச்சப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். சிக்கல் என்னவென்றால், சமமா இல்லையா என்பதை அந்தக் கருவியே ஒருபோதும் சொல்லாது. வாங்குவதற்கு முன் யாரிடமாவது இருபக்கப் பெடலை ஒரு வாரம் கடன் வாங்கிப் பார்ப்பது நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு மலை, ஒரு தராசு, ஒரு கடிகாரம். மலைக்கு ஆறு சதவீதமாவது சரிவு இருக்கட்டும், கணக்கை முழு ஏற்றத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஒவ்வொரு விநாடியும் திரையில் குதிக்கும் சரிவுச் சதவீதத்தை நம்பினால் பைத்தியம் பிடிக்கும்.

மலைக்காரர்கள் மீட்டரே வாங்காமல்கூடக் காலம் தள்ளலாம் என்பது என் எண்ணம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்திருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன், வாரம் ஒருமுறை ஒரே ஏற்றம், நோட்டில் ஒரு வரி, முடிந்தது. சென்னைக்காரனுக்குப் பரங்கிமலையை விட்டால் ஏற்றம் என்று இருப்பது மேம்பாலம்தான். காற்றும் கடலும் சேர்ந்து குழப்பும் ஊரில் கணக்கு வேலைக்கு ஆகாது, அதனால்தான் இங்கே கருவி தேவைப்படுகிறது.

என்னளவில் பெடல்தான் சரி என்று தோன்றியது. இரண்டு காலையும் பிரித்துக் காட்டுவது முதல் காரணம். இன்னொன்று, பெடலைக் கழற்றி வீட்டிலிருக்கும் இன்னொரு சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். குறையும் உண்டு. விழுந்தால் முதலில் தரையில் இடிப்பது பெடல்தான். அசியோமா டுவோ, காலணியின் அடியில் மாட்டிப் பெடலோடு பூட்டும் கிளீட்டில் லுக் கியோ வகையைக் கேட்கும், ஷிமானோ கிளீட் போட்டுப் பழகியவர்கள் அதையும் மாற்ற வேண்டும், கொஞ்ச நாள் முழங்கால் முனகும். நடுப்பகுதியில் அளக்கும் குவார்க், எஸ்.ஆர்.எம். வகைகள் மொத்தத்தை நன்றாகச் சொல்லும், ஆனால் எந்தக் கால் திருடுகிறது என்று தனித்தனியாக அளந்து சொல்லாது. எதை வாங்கினாலும் வெயில் சூட்டில் உலோகம் கொஞ்சம் மாறும், சைக்கிளை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பூஜ்யத்தைச் சரிசெய்த பிறகு கிளம்ப வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து நேராக மே மாத வெயிலில் இறக்கிவிட்டு எண் ஏறுகிறது, இறங்குகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெடல் வாங்க வேண்டுமென்றால் கிராங்கை விற்க வேண்டும். குழுவில் போட்டேன். வேளச்சேரியிலிருந்து கல்லூரி முடித்த ஒரு பையன் வந்தான். கிராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். பேட்டரி எத்தனை நாள் வரும் என்று கேட்டான். கடைசியில், "கரெக்டா காட்டுமா அண்ணா?" என்றான்.

"அரிசி மூட்டைக்குக் கரெக்டா காட்டும்" என்றேன். அவன் முழித்தான். "உனக்குப் பந்து உதைக்கிற கால் எது?"

"ரெண்டும் ஒண்ணுதான்ணா."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை இதை உன் வண்டியில மாட்டிக்கிட்டு ஏலகிரிக்கு வா. வரும்போது வீட்ல எடை பாத்துட்டு வா. விலையை மேல போய்ப் பேசிக்கலாம்."